டப்பாவுக்குப் பின்னால்

மறுமணமான நாளிலிருந்து தன் பல்செட்டை மனைவி நூருன்னிசாவின் கண்ணில் காட்டியதே இல்லை மொய்தீன்.

"சீக்கிரம் வெளிய வாங்க! பாசிர் ரிஸ்லேருந்து அக்கா வந்து கீழ லிஃப்ட்ல ஏறிட்டாங்க!"

குளியலறைக் கதவு அதிர்ந்தது. அவசரத்தில் அவள் குரல்கூடக் குழறியது.

சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டு, கிளாஸில் ஊறிக்கொண்டிருந்த செட்டை எடுத்து வாயில் திணித்தார். பொருந்தவில்லை. அழுத்தினார். ஈறு கிழிந்துவிடும்போல் வலித்தது. ஐயோ, வெந்நீரில் போட்டுத் தொலைத்தோமா? சூடு பட்டால் வளைந்துவிடும் என்று டாக்டர் தலைபாடாய் அடித்துக்கொண்டாரே!

மறுபடியும் கதவு அதிர்ந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு திறந்தார்.

முக்காட்டால் வாயை மூடியபடி நின்றிருந்தாள் நூருன்னிசா.

"காலையில அலமாரியத் துடைச்சப்ப உங்களோடத மேல்தட்டுல வெச்சுட்டேன். அது என்னோடது, குடுங்க லா!"