பல்லி தட்டிய பாராட்டு

பரண்மேல் எலி தினமும் கதை சொல்லும். முடித்ததும் சுவரிலிருந்து பல்லி 'டக் டக்' என்று நாக்கைத் தட்டி, "அருமை" என்னும். பல்லி தட்டினால் சொன்னது நிஜம் என்று மனிதர்கள் நம்புவதில் அதற்குக் கொஞ்சம் கர்வம்.

அன்றும் தட்டியது.

"எதுடி அருமை?" எலி சீறியது.

"எல்லாமேதான் அக்கா."

"இன்னைக்கு நான் கதையா சொன்னேன்? என் கடைக்குட்டி பொறியில மாட்டிச் செத்ததைச் சொன்னேன். ஒரு வார்த்தையாவது காதுல வாங்கினியா? உன் தட்டலைக் கொண்டுபோய்க் குப்பையில போடு."

பல்லி நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு கேட்டது.

"பொறி மூடினப்ப அவன் உன்னைக் கூப்பிட்டான்னு சொன்னியே. அப்ப நீ எங்கக்கா இருந்தே?"

அந்த இடத்தைத்தான் எலி சொல்லாமல் தாண்டியிருந்தது.