திரும்பி நின்றவர்கள்

தகன மேடையின் கேஸைத் திறந்தான். உலைக்குள் நெருப்பு பிடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

ஸ்டிரைக் தொடங்கிய பிறகு அந்தச் சத்தத்தை இப்போதுதான் கேட்கிறான்.

தள்ளுவண்டியில் அம்மா.

போன வாரம்கூடச் சொன்னாள். "நான் செத்தாத்தான்டா நீ வேலைக்குப் போவ போல."

இன்று விடியும்போது செத்துப்போயிருந்தாள்.

எரிக்க வேறு இடமில்லை. பழைய சுடுகாட்டின் மேல் நகராட்சி பஸ் ஸ்டாண்ட் கட்டிவிட்டது. பக்கத்து ஊர்த் தகன மேடை ஆட்களும் இவர்களுக்காக வேலையை நிறுத்தியிருந்தார்கள். நிறுத்தச் சொல்லிக் கேட்கப் போனவர்களில் அவனும் ஒருவன்.

வாசலில் பேனர். அதில் கூட வேலை பார்த்த ஏகாம்பரத்தின் முகம்.

பாதி முகம் என்று சொல்ல வேண்டும். மீதியை, உலைக் கதவைத் திறந்தபோது வெளியே பாய்ந்த தீ தின்றுவிட்டது. விரல்களையும் அதுதான் விறைக்க வைத்தது. அப்படி ஒரு ஆள் தன்னிடம் வேலையே செய்யவில்லை என்றார் ஒப்பந்தக்காரர். நகராட்சி தலையாட்டியது.

அதற்குத்தான் ஸ்டிரைக்.

வந்த வண்டிகளையெல்லாம் அவனே கும்பிட்டுத் திருப்பி அனுப்பினான். சிலர் காறித் துப்பினார்கள். ஒரு பெண் மண்ணை வாரி வீசினாள்.

நாளை பேச்சுவார்த்தை. நகராட்சி கூப்பிட்டிருக்கிறது. கோஷத்தைக் கேட்டுக் கூப்பிடவில்லை. புகைக்கூண்டு சும்மா நின்றது. ஊரில் பிணங்கள் ஐஸ் பெட்டியில் கிடந்தன. அதனால் கூப்பிட்டது.

அம்மாவைச் சங்கத்து ஆட்கள்தான் தூக்கி வந்தார்கள். பேனர் தாழ்வாகக் கட்டியிருந்தது. குனிந்து நுழைந்தார்கள். முன்பக்கம் சங்கச் செயலாளர் தாஸ். பின்பக்கம் ஏகாம்பரம். அவனால் பிடிக்க முடியாது. தோளில் மட்டும் தாங்கிக்கொண்டான்.

இறக்கி வைத்த பிறகு தாஸ் சொன்னார்.

"உங்கம்மாவுக்கு மட்டும்டா. நாங்க எதையும் பாக்கல."

வெளியே போய் உலைக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். எல்லோரும்.

அவன் கற்பூரத்தை அவள் நெஞ்சின் மேல் வைத்துப் பற்ற வைத்தான். வழக்கமாக மகன்கள் செய்வது.

வண்டியைத் தள்ளினான். வழக்கமாக அவன் செய்வது.

கதவை இறக்கினான்.

இந்த இடத்தில் மகன்களிடம் ஒன்று சொல்வான். திரும்பிப் பார்க்காமல் போங்க. அவர்கள் போய்விடுவார்கள்.

அவனால் போக முடியாது. உலையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

கதவின் துவாரத்தில் கண்ணை வைத்தான்.

புகை மேலே ஏறியது. பஸ் ஸ்டாண்டிலிருந்து தெரியும். மார்க்கெட்டிலிருந்து தெரியும். ஒப்பந்தக்காரர் வீட்டு மாடியிலிருந்தும் தெரியும்.

அம்மா சின்ன உருவம். அவளிடமிருந்து இவ்வளவு புகை வரும் என்று அவன் நினைக்கவில்லை.

சாம்பலைப் பானையில் வாரிக்கொண்டிருந்தபோது ஒரு வேன் வந்து நின்றது. ஒரு ஆள் பேனருக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தார். முந்தாநாள் அவன் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிய அதே ஆள்.

"புகை தெரிஞ்சுது. எங்கப்பாவக் கொண்டாந்திருக்கேன்."

"ஸ்டிரைக்குங்க."

"அப்ப இது யாரு?"

"எங்கம்மா."

அந்த ஆள் பானையைப் பார்த்தார். உலையைப் பார்த்தார்.

"அடுப்பு சூடாத்தான இருக்கு?"

அவன் பானையைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"உங்கம்மான்னா வேகும். எங்கப்பா வேக மாட்டாரா?"

வேனின் கதவு திறந்திருந்தது. ஐஸ் பெட்டி எப்போதோ நின்றுபோயிருக்க வேண்டும். வாடை உள்ளே வரை வந்தது.

பானையைக் கீழே வைத்தான். வாசலுக்குப் போய் நின்றான்.

முதுகுகள். தாஸின் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. அவர் காதில் எல்லாம் விழுந்திருக்கும். சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஏகாம்பரம்தான் பேசினான். அவனுக்கு வாய் ஒரு பக்கம்தான் திறக்கும்.

"நாங்க இன்னும் திரும்பல."

கேட்டதும் அவன் உள்ளே போனான்.

அந்த ஆள் கற்பூரம் வைத்தார். அவன் தள்ளினான்.

"திரும்பிப் பாக்காம போங்க."

அவர் போய்விட்டார். கும்பிடக்கூட இல்லை.

மறுபடியும் புகை.

உலைக்கு முதுகைக் காட்டி நிற்பவர்களுக்கு முகத்துக்கு நேரே சாலை. அடுத்த வண்டியை முதலில் பார்த்தது அவர்கள்தான். அதற்குப் பின்னால் இன்னொன்று. மேளச் சத்தம் பிறகுதான் கேட்டது.

முன்னால் வந்தது பூப்பல்லக்கு கட்டிய வண்டி. நல்ல உயரம். பேனர் இடித்ததும் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"அண்ணே, இந்தப் பேனரக் கொஞ்சம் அவுத்து விடுங்க."

தாஸ் பேனரை அண்ணாந்து பார்த்தார்.

எல்லோரும் ஏகாம்பரத்தைப் பார்த்தார்கள்.

அவன் வண்டியைப் பார்த்தான். மேலே அச்சடித்திருந்த தன் முகத்தைப் பார்க்கவில்லை. கம்பத்தருகே போனான்.

முடிச்சு இறுகியிருந்தது. விரல்கள் மடங்கவில்லை.

குனிந்து, பல்லால் கடித்தான்.