ரெண்டு மூட்டை இரும்பு

குந்தவையின் புறங்கைமேல் டம்பெல்லை வைத்து இளவழகன் மெதுவாக அழுத்தினான். இரும்புக்கும் மேசைக்கும் நடுவில் அவளுடைய விரல்கள் வெளுத்தன.

"வலிக்குதா? இது பத்து கிலோதான். எல்லாம் வீட்டுக்கு வந்து எறங்கட்டும், அப்பறம் பாரு."

மன்னார்குடியில் உடற்பயிற்சிச் சாமான் விற்கும் கடை அது. கணவர் இறந்த பிறகு அம்சம்தான் தனியாக நடத்திவருகிறாள். கல்லாவில் உட்கார்ந்து யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஒரு மாசத்துக்கு எடைத் தட்டு மாட்டாம வெறும் ராடு மட்டும் தூக்கச் சொல்லுங்க. தலைமாட்டுல ஒரு ஆளு நிக்கணும். தனியா விட்டுறாதீங்க."

போனை வைத்தவள் எழுந்து வந்து, டம்பெல்லை எடுத்து ஓரமாக வைத்தாள். குந்தவையின் முழங்கைக்கு மேலே பழைய காயங்கள் மஞ்சளாகவும், புதியவை கன்றிக் கறுத்தும் கிடந்தன. அம்சம் பார்த்தாள்.

"சொல்லுங்க தம்பி. என்ன வேணும்?"

"வீட்டுலயே ஜிம்மு வெக்கப்போறேன்க்கா. டவுன் ஜிம்முல ஒரு பய, 'அண்ணே அப்புடித் தூக்காதீங்க'ன்னு எனக்கே சொல்லித் தர்றான். மூக்க ஒடைச்சேன். இனிமே வராதேன்னுட்டானுவ." இளவழகன் சிரித்தான். "நெல்லு மூட்டை அடுக்குற ரூமு காலியாத்தான் கெடக்கு. சுத்தி வயலு. உள்ள என்ன நடந்தாலும் கேக்க ஆளு கெடையாது."

கடைசி வார்த்தைகளை அவன் மனைவியைப் பார்த்துச் சொன்னான். குந்தவை தரையைப் பார்த்தாள்.

அம்சம் பெஞ்சு ஒன்றைக் காட்டினாள். மல்லாந்து படுத்து, ராடை நெஞ்சு வரை இறக்கி, மேலே தள்ள வேண்டும். பெஞ்சின் இருபுறமும் கனமான கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"இது எதுக்கு?"

"கை சோந்து ராடு எறங்குனா, நெஞ்சுல விழாம இது தாங்கிக்கும். புதுசா பழகுறவங்களுக்குத் தம்பி."

"என்னயப் பாத்தா அப்புடியா தெரியுது? கம்பி இல்லாதத எடுங்க."

"உங்க ஒடம்புக்கு அது எதுக்கு," என்றாள் அம்சம். கம்பி இல்லாத பெஞ்சைத் தானே இழுத்துப்போட்டாள். "எடை எவ்வளவு போடட்டும்?"

"அறுவது கிலோ நெல்லு மூட்டைய முதுகுல ஏத்திக்கிட்டு, வரப்புல விறுவிறுன்னு நடப்பேன். ரெண்டு மூட்டை கணக்குக்குப் போடுங்க."

குந்தவை வாய் தவறிக் கேட்டுவிட்டாள். "முதுகுல சொமக்குறதும் படுத்துக்கிட்டுத் தூக்குறதும் ஒண்ணாங்க?"

அறை விழுந்த வேகத்தில் அவள் ராடுகள் சாத்தியிருந்த சுவரில் போய் மோதினாள். ராடுகள் சரிந்து தரையில் உருண்டன. உதடு கிழிந்து ரத்தம் முகவாயில் வழிந்தது.

"மூட்டை தூக்குனது நீயா நானாடி?"

அம்சம் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. "தம்பி சொல்றதுதான் சரி. மூட்டை தூக்குன ஒடம்புக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல."

தட்டுகள் நழுவாமலிருக்க ராடின் இரு முனையிலும் பூட்டு மாட்டிக் காட்டினாள். இறுக்கிப் பூட்டினால் ராடு எப்படிச் சாய்ந்தாலும் எடை கழன்று விழாது என்றாள். இளவழகனுக்குத் திருப்தி. சாமான் ஏற்ற வண்டி கொண்டுவருவதாகச் சொல்லி வெளியே போனான்.

அவன் தலை மறைந்ததும் குந்தவை அழுதுகொண்டே அம்சத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இத அவருக்குக் குடுக்காதீங்க." முந்தானையை விலக்கினாள். கழுத்தைச் சுற்றி விரல் தடங்கள் பதிந்திருந்தன. "இப்பவே மூச்சு நின்னு நின்னு வருது. இதுக்கு மேல அவருக்குப் பலம் வந்தா நான் செத்துப்போயிருவேன்."

"கடைக்கு வந்தவரத் திருப்பி அனுப்பச் சொல்றியா?"

"நீங்களும் ஒரு பொம்பளதானக்கா. கண்ணு முன்னாடி அடிச்சாரு. அவருக்கே பரிஞ்சு பேசுறீங்க."

அம்சம் பெஞ்சின் திருகாணிகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாக முறுக்கினாள். அழுத்தி முறுக்கியபோது சேலைத் தலைப்பு விலகியது. முன்கையில் எலும்பு உடைந்து கோணலாகக் கூடியிருந்தது.

குந்தவையின் அழுகை நின்றது.

"எங்க வீட்டுக்காரரும் வீட்டுலதான் தூக்குவாரு," என்றாள் அம்சம், தலையை நிமிர்த்தாமல். "தலைமாட்டுல ஆளு நிக்கிறது அவருக்கும் புடிக்காது."

வெளியே வண்டி வந்து நின்றது. "ஏய், எங்கடி இருக்க? வா இங்க." இளவழகனின் குரல் கேட்டதுமே குந்தவை முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தாள்.

அம்சம் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். பிடி இரும்பாக இருந்தது. காதருகே குனிந்து சொன்னாள்:

"அந்த ரூமுலேருந்து கூப்புடுறப்ப மட்டும், ஒடனே ஓடாத."