குடைக்கு மேலே ரெயின்கோட்

மதியச் சாப்பாட்டு நேரம் வந்ததும் குடை கம்பெனிக் கணக்கர் லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நைசாக நழுவினார். கேன்டீன் பக்கம் போகவில்லை. லிஃப்ட் பக்கமும் போகவில்லை. அங்கே யார் கண்ணிலாவது பட்டால் தொலைந்தது. பூனை மாதிரி படிக்கட்டில் ஏறினார்.

பாதிப் படியில் டைப்பிஸ்ட் அம்மாள் எதிரே வந்தாள்.

"என்ன சார், லேப்டாப்போட மலை ஏறுறீங்க?"

"தொப்பை குறையணும்னு டாக்டர் சொல்லிட்டாரும்மா" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அவள் தலை மறையும்வரை அங்கேயே நின்று மூச்சு வாங்கினார்.

மேல் மாடியில் இருப்பது ரெயின்கோட் கம்பெனி. மழை வந்தால் ஜனங்கள் ஒன்று குடை வாங்குவார்கள், இல்லை ரெயின்கோட் வாங்குவார்கள். அதனால் கீழ் மாடிக்கும் மேல் மாடிக்கும் ஜென்மப் பகை. ரெயின்கோட்டுக்காரர்களோடு ஒட்டு உறவு வைத்துக்கொள்கிறவன் சீட்டு அன்றைக்கே கிழியும் என்று குடை முதலாளி சொல்லியே வைத்திருந்தார்.

வாசலில் கணக்கர் கழுத்தில் தொங்கிய குடை கம்பெனி அட்டையைச் சட்டைக்குள் தள்ளினார். உள்ளே போய், பெரிய அலமாரிக்குப் பின்னால் ஒரு மூலையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். தண்ணீர் குடிக்க வந்த ஒரு பெண் இவரைப் பார்த்துச் சிரித்தாள். இவரும் சிரித்து வைத்தார்.

திரையில் அவரே கஷ்டப்பட்டு அமைத்து வைத்த இரண்டு பொத்தான்கள். ஒன்று 'கீழே', இன்னொன்று 'மேலே'. 'மேலே'யைத் தட்டினார். நெட்வொர்க், பாஸ்வேர்டு, பிரிண்டர் எல்லாம் ஒரே நொடியில் கட்சி மாறின. விறுவிறுவென்று ரெயின்கோட் கம்பெனிக் கணக்குகளைத் திறந்தார், எதையோ தட்டினார், மூடினார். மணியைப் பார்த்துவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கீழே வந்து சேர்ந்தார்.

வந்த அவசரத்தில் 'கீழே'யைத் தட்ட மறந்துவிட்டார், பாவம்.

"மழைக்கால விலைப்பட்டியல் ஒரு காப்பி எடுங்க" என்றார் மேனேஜர்.

கணக்கர் பிரிண்ட் கொடுத்தார். பக்கத்திலிருந்த பிரிண்டர் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. மறுபடியும் கொடுத்தார். அதற்கும் அது அசையவில்லை. மேல் மாடி நெட்வொர்க் தளத்தைத் துளைத்துக்கொண்டு இங்கேவரை எட்டுகிறது என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் முதலாளிக்குப் போன் வந்தது. பேசியது ரெயின்கோட் முதலாளி.

"உங்க விலைப்பட்டியல் எங்க பிரிண்டர்ல வந்து விழுந்திருக்கு. ரொம்ப நன்றி. ஆனா ஒரு காப்பியே போதுமே, எதுக்கு ரெண்டு?"

முதலாளி தாம்தூம் என்று குதித்தார். "ஆபீசுக்குள்ள உளவாளி! இங்க சம்பளத்தை வாங்கிக்கிட்டு மேல போய் ஊழியம் பண்றான்! மேனேஜர், இன்னிக்கே அவனைப் பிடிக்கணும். பிடிச்சுப் போலீஸ்ல கொடுக்கணும்!"

"சாயங்காலம் நான் சீக்கிரம் கிளம்பணும் சார்" என்று இழுத்தார் மேனேஜர். ஏ.சி. அறையிலும் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. "அதுக்குள்ள பிடிச்சிடறேன்."

பிரிண்ட் கொடுத்தது யார் என்று அவருக்குத்தான் தெரியுமே. கணக்கரைத் தன் அறைக்குள் கூப்பிட்டுத் தாழ்ப்பாள் போட்டார். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். 'மேலே' பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. வேலை போச்சு, மானம் போச்சு, இனி கம்பி எண்ண வேண்டியதுதான் என்று கணக்கர் முடிவு கட்டினார்.

"எத்தனை நாளா நடக்குது இந்தத் திருட்டு?"

"சத்தியமா நான் உளவாளி இல்ல சார். எனக்கு மேலயும் ஒரு வேலை இருக்கு சார், அவ்வளவுதான். வீட்டுல ரெட்டைப் பிள்ளைங்க. எது வாங்கினாலும் ரெண்டு வாங்கணும். ஒரு சம்பளம் எந்த மூலைக்கு?" கணக்கருக்கு அழுகையே வந்துவிட்டது. "காட்டிக் கொடுத்துடாதீங்க சார்."

மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அங்க என்னவா இருக்கீங்க?"

"கணக்குப் பிரிவுக்குத் தலைவர் சார். தலைவர்னு பேருதான் பெத்த பேரு. எனக்குக் கீழ ஒரே ஒரு ஆளு. அதுவும் நான் இறங்கினப்புறம் வர்ற ஆளு, மூஞ்சியக்கூடப் பார்த்ததில்ல. எல்லாம் மெயில்லதான். சரியான சோம்பேறி சார் அது."

மேனேஜர் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார். மடித்து விட்டிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டார். கைகளைக் கட்டிக்கொண்டார்.

"அப்போ, என் லீவு லெட்டரை இத்தனை நாளா கிடப்புல போட்டு வெச்சிருக்கிறது நீங்கதானா, சார்?"