வழிமொழிய ஒரு கை

“நீங்க கையைத் தூக்கினா முடிஞ்சிடும், தோழர். அவங்கவங்க வீட்டைப் பார்த்துப் போகலாம்.”

கட்சியின் செயலாளரான அவள் தீர்மானத்தை இரண்டாம் முறையாக வாசித்திருந்தாள். இன்றோடு கட்சி கலைக்கப்படுகிறது. முன்மொழிய அவள் கை இருந்தது. வழிமொழிய இன்னொரு கை வேண்டும் என்பது விதி. நாளை சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய அந்தக் கூடத்தில் இருந்த இன்னொருவர் ‘நோட்டு’ மட்டும்தான். எந்தக் கூட்டமானாலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பார்; அதனால் அந்தப் பெயர்.

நோட்டு கையைத் தூக்கவில்லை.

“முப்பத்தொரு வருஷத்துல நீங்க ஒரு தடவைகூட கை தூக்கி நான் பார்த்ததில்லை. இன்னைக்காவது தூக்குங்க. சுளுக்கிக்காது.”

“ஒரு தடவை தூக்கியிருக்கேன்” என்றார்.

எப்போது என்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவள் அப்பாவும் எட்டு நெசவாளிகளும் தொடங்கிய கட்சி அது. தறிச் சத்தத்தில் காது மந்தமானவர்கள். கோஷம் போட்டால் அவர்களுக்கே கேட்காது. அதனால் கோஷமே கிடையாது, கைதான். பன்னிரண்டு தொகுதிகளில் ஜெயித்த அன்று சதுக்கத்தில் நாற்பதாயிரம் பேர் மூச்சுக்கூட விடாமல் கைகளை உயர்த்தி நின்றார்கள். உட்கார இடம் தெரியாமல் புறாக்கள் மேலேயே சுற்றின. எங்கோ ஒரு குழந்தைக்கு வந்த விக்கல் சதுக்கம் முழுக்கக் கேட்டது.

பிறகு மந்திரி பதவியை ஏற்கலாமா என்று இரண்டாக உடைந்தார்கள். ஏற்றவர்கள் மறுபடி இரண்டானார்கள். மேடைக்கு மைக் வந்தது. மில் மூடியது. பெஞ்சுகள் காலியாகிக்கொண்டே வந்தன.

நோட்டு எல்லாவற்றையும் தேதியோடு சொன்னார். அவள் முதன்முதலாகப் பேச எழுந்தபோது செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்ததைக்கூட. கேட்கக் கேட்க அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு பெரிய ஒன்றுக்குள்ளேயா இத்தனை நாள் இருந்தோம்?

“இவ்வளவும் மனசுல வச்சிருக்கீங்க. அப்போ நீங்க மூடி வைக்கிறதுதான் அப்பாவுக்கு மரியாதை.”

“என் கை செல்லாது, தோழர்.”

சட்டைப் பையிலிருந்து ஓரம் தேய்ந்த அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். போலீஸ், உளவுப் பிரிவு.

“உங்களைப் பத்தி எழுதி மேலே அனுப்ப வந்தவன் நான். சதுக்கத்துல கை தானா மேலே போயிடுச்சு, அதை மட்டும் எழுதலை. ரிட்டையராகி ஏழு வருஷமாச்சு. இப்போ யாருக்கும் அனுப்புறதில்லை.”

தன் நோட்டுப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்து அவள் பக்கம் தள்ளினார். கட்சியின் உறுப்பினர் விண்ணப்பம். பரிந்துரைப்பவர் கையெழுத்து மட்டும் காலியாக இருந்தது.

“என்னைச் சேர்த்துக்குங்க, தோழர்.”