குதிரையிடம் பேசாதவர்

"அந்த ஆளுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா? நீங்களே வந்து கேளுங்க ஆர்வில் அண்ணே!"

முகாமின் பொறுப்பாளர் ஆர்வில், அடுப்பில் கிடந்த சாசேஜைத் திருப்பிப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். எதிரே குதிரைக்காரி லவோன். தொப்பி முதல் பூட்ஸ் வரை புழுதி.

ரயில் ஓடாமல் போன பழைய பாதையை அமெரிக்காவின் விஸ்கான்சினில் மண் தடமாக்கி, ஓரத்தில் இந்த முகாமையும் போட்டார்கள். ஒரு பக்கம் குதிரைக்காரர்கள், மறுபக்கம் சைக்கிள்காரர்கள். இவர்களுக்கு மணிச் சத்தம் ஆகாது, அவர்களுக்குச் சாணி வாசம் ஆகாது. எல்லாப் பஞ்சாயத்தும் ஆர்வில் தலையில்தான் வந்து விடியும்.

"யாரும்மா?"

"அந்த நீலக் கூடாரத்து ஆள்தான். தடத்துல எதிர்ல வந்தாரு. குதிரையைப் பார்த்தா சைக்கிளை விட்டு இறங்கி, பேச்சுக் கொடுக்கணுமா இல்லையா? அப்பத்தானே ஹெல்மெட்டும் கண்ணாடியுமா நிக்கறது மனுஷன்னு அதுக்குப் புரியும்?"

"இறங்கலையா?"

"இறங்கினாரு. ஓரமாப் போயும் நின்னாரு. ஆனா மூச்! நான் குட் மார்னிங் சொல்றேன், தலையை மட்டும் ஆட்டறாரு. என் குதிரை ஹேசல் மிரண்டு போய் அங்கேயே நின்னுட்டா. இழுத்துக்கிட்டு வர்றதுக்குள்ள என் தோள்பட்டை கழண்டுடுச்சு. அதுல இருந்து தீனியையும் தொடலை."

"சரியாயிடும்மா."

"உங்களுக்கென்ன, சொல்லிட்டீங்க! ஏலத்துல வாங்கி ஒரு வருஷம் ஆச்சு. என்னை ஏறெடுத்துப் பார்க்கலை அண்ணே. போன வாரம்தான் முதல் தடவையா நான் கூப்பிட்டதும் ஓடி வந்தா. வேலியைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டேன். இந்த ஆளால அவ மறுபடி பழையபடி ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அதற்குமேல் சாசேஜைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. ஆர்வில் அடுப்பை அணைத்தார். லவோன் ஹேசலை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

நீலக் கூடாரத்து டெல்பர்ட் டப்பாவிலிருந்தே பீன்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிடும்போதுகூட ஹெல்மெட்டையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றவில்லை. குதிரை வருவதைப் பார்த்ததும் டப்பாவை வைத்துவிட்டு எழுந்து பின்னால் நகர்ந்தார்.

"பயப்படாதீங்க, கடிக்காது" என்றார் ஆர்வில். "இந்தம்மா கேக்கறதுல நியாயம் இருக்கு. ரெண்டு வார்த்தை பேசிடுங்க. குதிரையும் பழகிடும்."

டெல்பர்ட் தலையை ஆட்டி மறுத்தார்.

"காலையில என்கிட்ட மழையில ஆரம்பிச்சு அரசியல் வரைக்கும் பேசினீங்களே!"

டெல்பர்ட் குனிந்து கூடாரத்தின் முளைகளைப் பிடுங்க ஆரம்பித்தார். ஹேசல் காதுகளை அவர் பக்கமே நிமிர்த்தி, மூக்கை விடைத்து நின்றது.

"பாருங்க, எப்படி மிரளுதுன்னு!" லவோன் கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா சார்? ஒரு வார்த்தை! இவ எனக்குக் கிடைச்சதே பெரும்பாடு. இவளை இழந்துட்டா எனக்கு வேற யாரும் இல்லை."

அவள் குரல் உடைந்துவிட்டது. டெல்பர்ட் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அழுகிற பெண்ணுக்கு எதிரே எத்தனை நேரம்தான் ஊமையாக நிற்க முடியும்?

"மன்னிச்சுக்கங்கம்மா" என்றார் மெதுவாக.

அவ்வளவுதான். கயிறு லவோனின் கையை உருவிக்கொண்டு போனது. ஒரு கனைப்பு. ஹேசல் நேரே ஓடிப்போய் டெல்பர்ட்டின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டது.

லவோன் கூப்பிட்டாள். இன்னொரு தடவை கூப்பிட்டாள். குதிரை திரும்பவில்லை.

டெல்பர்ட் அதைத் தடவிக்கொடுக்கவில்லை. கீழே கிடந்த கயிற்றை எடுத்து லவோனிடம் நீட்டினார்.

"இதுக்குத்தாம்மா வாயைத் திறக்கலை" என்றார். "ஏலத்துல வித்தவன் நான்தான்."