எங்கட வீட்டில இல்லை

கண்டாவளையிலிருந்து இரண்டு பஸ் ஏறி வந்திருந்தாள் கமலாசனி. மூன்று மாதமாக விடாத இருமல். எக்ஸ்ரேயைப் பார்த்த டொக்டர் ராஜினி பெருமூச்சு விட்டார்.

“சளியிலயும் கிருமி இல்லை. உண்மையைச் சொல்லுங்கோ அம்மா, வீட்டில புறா ஏதும் நிக்குதோ?”

“போன முறையும் கேட்டனீங்கள். எங்கட வீட்டில ஒரு புறாவும் இல்லை டொக்டர்.”

“புறா எச்சம் காய்ஞ்சு, தூளாப் பறந்து நெஞ்சுக்குள்ள போனாலும் இப்பிடி இருமல் வரும். அதுதான் திரும்பவும் கேக்கிறன்.”

“சத்தியமா இல்லை.”

ராஜினி அலுப்போடு இன்னொரு பரிசோதனைக்கு எழுதத் தொடங்கினார். கமலாசனியின் போன் அடித்தது. கனடாவிலிருந்து தம்பி கிருபன்.

“ஓம் தம்பி, கீழ் வீடு கூட்டிட்டன். மேல்மாடிதான் மிச்சம். புறா எச்சம் அள்ள அள்ளக் குறையுதில்லை. போன உடன கூட்டிவிடுறன்.”

ராஜினியின் பேனா நின்றது.

“புறா இல்லையெண்டனீங்கள்?”

“அது தம்பி கட்டின வீடு டொக்டர். நாங்கள் பின்னால ஓலைக் கொட்டிலில இருக்கிறம்.”

“அப்ப அந்த வீட்டில ஆர் இருக்கினம்?”

கமலாசனி இருமி முடித்துவிட்டுச் சொன்னாள்.

“புறாதான்.”